மிதவை பச்சையில் நின்றது

இன்வெர்ட்டர் பேட்டரியை யாரும் வாசலில் வைப்பதில்லை. படிக்கட்டுக்கு அடியில் வைப்பார்கள், படுக்கையறை மூலையில் வைப்பார்கள், அரிசி மூட்டைக்கும் பழைய பீரோவுக்கும் நடுவில் சொருகி வைப்பார்கள். சாமி ரூமில் வைத்திருக்கிற வீடும் கீரனூரில் உண்டு. விளக்கேற்றும்போது பேட்டரிக்கும் சேர்த்து ஒரு சந்தனப் பொட்டு. ஆகவே அதற்குத் தண்ணீர் ஊற்ற வருகிறவன் வாசலோடு திரும்ப முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளறைவரை போய்த்தான் ஆக வேண்டும். வீட்டு மாப்பிள்ளையைக்கூட ஹாலில் உட்காரவைத்துத்தான் காப்பி கொடுப்பார்கள். என்னை நேராக உள்ளே போகச் சொல்வார்கள்.

போகிற இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டா வேலை பார்க்க முடியும். கணவனின் சட்டை வேறு அறைக் கொடியில் தொங்கினால் தெரிகிறது. மருமகளின் பெட்டி கட்டிலுக்கடியில் தயாராக இருந்தால் தெரிகிறது. ஊறுகாய் ஜாடி சமையலறையை விட்டுப் படுக்கையறைக்குக் குடிவந்திருந்தால் என்ன விசேஷம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் துருவித் துருவிக் கேட்கிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது அபாண்டம். நான் கேட்பதே இல்லை. பேட்டரி மூடியைத் திறந்துகொண்டு குனிந்திருக்கிறவனின் முதுகைப் பார்த்தால் மனிதர்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது, அவர்களாகவே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அய்யா இந்த ஸ்டேஷனுக்கு வந்து அதிக நாளாகவில்லை, அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இன்னும் குடிவரவில்லை என்பது எனக்குத் தெரியும். குவார்ட்டர்ஸ் கொடியில் ஒரே ஆளின் துணிதான் காய்கிறது. பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று இருக்கிறார்கள் போல. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழக்கம்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் அன்வர் பாட்சா பாயின் பேக்கரி இருக்கிறது. திருச்சிக்கு வேலைக்குப் போகிற கூட்டம் அங்கேதான் நிற்கும். காலையில் நான் அங்கே ஒரு டீ குடிப்பேன். குடிக்கும்போது ஏதாவது சொல்வேன். நான் சொன்னது மத்தியானத்துக்குள் திருச்சிவரை போய், சாயங்கால பஸ்ஸில் கீரனூருக்கே திரும்பி வந்து, வேறு யாரோ எனக்கே புதுச் சேதியாகச் சொல்வார்கள். அப்போது நான் தெரியாதவன் மாதிரிக் கேட்டுக்கொள்வேன். எந்தக் கல்யாணம் நிற்கும், எந்த வீடு விலைக்கு வரும், யார் மகன் துபாயிலிருந்து வேலையைவிட்டு வந்திருக்கிறான், எல்லாம் நான் சொல்லி நடந்ததுதான். நிலவழகன் சொன்னால் சரியாக இருக்கும் என்று பாயே சொல்லுவார். பேட்டரி விஷயத்திலும் அப்படித்தான். இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று நான் சொன்னால் ஓடும்.

பழனிச்சாமி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் கல்குவாரியில் டிரில்லிங் மிஷின் ஓட்டியவர். காலமெல்லாம் கல்தூசியை மூச்சாக இழுத்து நுரையீரல் கல்லாகிவிட்டது. அவர் மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஒரே மகள் செவந்தி, திருச்சியில் ஒரு கண்ணாடிக் கடையில் கணக்குப் பார்க்கிறாள். போன ஐப்பசியில் திருச்சி ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக்சிஜன் மிஷின் ஒன்றை வாங்கிப் போடச் சொன்னார்கள். அது காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் இருக்கும்வரை அவருக்கு மூச்சு. கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அதனால்தான் செவந்தி என்னைக் கூப்பிட்டாள். நல்ல பேட்டரியாகப் பார்த்து நான்தான் மாட்டிக்கொடுத்தேன்.

அன்றைக்கு அவர் நகத்தைப் பார்த்தேன். நீலம். கண்ணுக்குக் கீழே குழி. மறுநாள் பேக்கரியில், தீபாவளி தாண்டாது என்று சொன்னேன். சொன்னபோது மனதில் ஒன்றும் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

தீபாவளி தாண்டியது. பிறகு பொங்கல் என்றேன். பொங்கலுக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்து கரும்பு கடித்ததாகச் சேதி வந்தது.

"என்னண்ணே, ஒங்க ஆளு நேத்து புரோட்டா கேட்டாராமே," என்றார் பாய், டீயை ஆற்றிக்கொண்டே. "தீபாவளின்னு சொன்னீங்க, சரி. எந்த வருசத் தீபாவளின்னு சொல்லலையே."

வீரய்யா என்று ஒரு டெய்லர் தினமும் அங்கே நிற்பார். "அவருக்கு முந்தி நம்மள்ல யாராவது கெளம்பிருவமோன்னு பயமா இருக்குண்ணே," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரியாதவனா நான். அந்த வாரமே, வரவிருக்கிற ஒரு நிச்சயதார்த்தத்தைப் பற்றி நான் ஏதோ சொல்ல, ஒருவர் முகத்துக்கு நேராக, "நீங்க சொல்லிட்டீங்கல்ல, அப்ப கல்யாணம் நல்லா நடக்கும்" என்றார். ரிட்டயர்டு பேங்க்காரர் சரவணக்குமாரின் பேட்டரி ஆடி வரைக்கும் தாங்கும் என்று சொன்னேன். பழனிச்சாமிக்குச் சொன்ன தீபாவளி மாதிரியா என்று கேட்டுவிட்டு, புதுக்கோட்டையிலிருந்து வேறு மெக்கானிக்கை வரவழைத்தார். இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கேட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பேச்சு அவர் காதுவரைக்கும் போயிருக்கிறது. தை மாதம் தண்ணீர் ஊற்றப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"நான் தீபாவளி தாண்டமாட்டேன்னு சொன்னியாமே, நெலவு?"

"ஊருல ஆயிரம் சொல்லுவாங்கண்ணே."

"ஒனக்காகவாவது போயிரலாம்னுதான் பாக்குறேன். வரமாட்டேங்குதுய்யா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, செவந்தி ஓடிவந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை நான் கவனித்தேன். பிறகு அவர் வழக்கம்போல ஊரில் என்ன சேதி என்று கேட்டார். கட்டிலை விட்டு எழுந்து போக முடியாத மனிதர், நான் சொல்வதை முழுசாகக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான். நானும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். மாசிக்குள் என்று பேக்கரியில் அதற்கடுத்த நாள்தான் சொன்னேன்.

நான் செய்தது செவந்திக்காக. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்து மூன்று வயது. விடியும் முன்னால் எழுந்து சமைத்து, அப்பனைத் துடைத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே திருச்சிக்குப் போய், நின்றுகொண்டே திரும்பி வருவாள். விராலிமலைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அப்பாவை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கூடவே வருவார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்தான். அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். அந்த உரிமையில் ஒருநாள் கேட்டேன், கஷ்டமாக இருக்கிறதல்லவா என்று.

"கஷ்டந்தான் சித்தப்பா. ஆனா வீட்டுக்கு வந்தா, இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்க ஒரு ஆளு இருக்காருல்ல," என்றாள்.

நல்ல வளர்ப்பு. இப்படிப்பட்ட பிள்ளைகள் மனதில் இருப்பதை வெளியே சொல்லமாட்டார்கள். நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நான் புரிந்துகொண்டேன்.

இனிமேல் நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உங்கள் ரைட்டர் இந்த இடத்தில் தப்பாக எழுதிவிடக்கூடும்.

இன்வெர்ட்டர் திரையை நம்பக்கூடாது. ஃபுல் என்று காட்டும், கரண்ட் போனதும் படுத்துவிடும். பேட்டரியின் உண்மை நிலவரம் உள்ளே இருக்கிற அமிலத்துக்குத்தான் தெரியும். அமிலத்தைக் கேட்க ஹைட்ரோமீட்டர் வேண்டும். இதோ உங்கள் மேஜையில் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதுதான். கண்ணாடிக் குழல், மேலே ரப்பர் குமிழ், கீழே மெல்லிய மூக்கு, குழலுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி மிதவை. மிதவையின் அடியில் ஈயக்குண்டு, கழுத்தில் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று பட்டைகள். குமிழை அமுக்கி, மூக்கைப் பேட்டரிக்குள் விட்டு, மெல்ல விட்டால் அமிலம் குழலுக்குள் ஏறும். மிதவை அதில் மிதக்கும். கிணற்றில் முங்குகிற ஆள் கடலில் மிதக்கிறான் அல்லவா, அதே சங்கதிதான். சார்ஜ் நிறைந்த பேட்டரியில் அமிலம் கனமாக இருக்கும், மிதவையை மேலே தூக்கிவிடும், அமிலத்தின் மட்டம் பச்சைப் பட்டையில் படும். சார்ஜ் இறங்க இறங்க அமிலத்தின் சத்து ஈயத் தகடுகளுக்குள் போய்விடும், மிச்சம் இருப்பது தண்ணீர் மாதிரி. மிதவை அமுங்கி, மட்டம் சிவப்பில் வந்து நிற்கும்.

பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. குழலைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். மிதவை சுவரில் ஒட்டக்கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விரலால் தட்டிவிட வேண்டும். கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும், மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் தப்பு. தண்ணீர் ஊற்றியதும் பார்க்கக்கூடாது. புதுத் தண்ணீர் மேலாக நிற்கும், நல்ல பேட்டரியைக்கூடச் சிவப்பு என்று காட்டிவிடும். சார்ஜில் போட்டுக் கலந்த பிறகு பார்க்க வேண்டும். ஒரு பேட்டரிக்கு ஆறு அறை, செல் என்போம். ஆறையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒன்று செத்தாலும் மற்ற ஐந்தும் அதோடு சேர்ந்து படுத்துவிடும்.

மாசியில் ஒரு சனிக்கிழமை. செவந்தி வேலைக்குப் போயிருந்தாள். ஐந்தாவது செல்லில் மிதவை எழும்பவே இல்லை. குழலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அப்படியே. தகடு செத்துப்போயிருந்தது. இனி எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது எழாது. மாற்றுப் பேட்டரி என் கடையிலேயே இருந்தது. வாரண்டியும் இருந்தது. ஒரு நடை போய் வந்தால் முடிகிற வேலை.

நான் மிதவையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரத் துவக்கத்தில் கரண்ட் நிறுத்தம் என்று லைன்மேன் சொல்லியிருந்தார். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை நிறுத்துவார்கள், பேப்பரிலும் வரும், உங்களுக்கே தெரியும். அந்த நாளுக்கென்று செவந்தி ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். காலையில் இன்வெர்ட்டர் தாங்கும். மத்தியானம் பேட்டரி இறங்கும் சமயம் பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள் அக்கா வந்து, மூக்குக் குழாயை மிஷினிலிருந்து கழற்றிக் கட்டிலருகே நிற்கிற ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றிச் சாவியைத் திருகிவிடுவார். அதற்கு முன்பே இன்வெர்ட்டர் கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

பேட்டரியில் குறைவது தண்ணீர்தான், அமிலம் குறையாது. ஆகவே டிஸ்டில் வாட்டர்தான் ஊற்ற வேண்டும், அமிலம் ஊற்றக்கூடாது. இது தொழிலுக்கு வந்த முதல் நாளே தெரிகிற விஷயம். நான் கடைக்குப் போய் அமிலக் கேனோடு வந்தேன். ஐந்தாவது செல்லில் இருந்ததைப் பாதி உறிஞ்சி எடுத்துவிட்டு அமிலத்தை ஊற்றினேன்.

"என்னய்யா ஊத்துற?" என்றார் அண்ணன் கட்டிலிலிருந்து.

"தெம்புக்குண்ணே."

"எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்து," என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. இருமல் வராமல் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் நிறுத்தத்துக்கு முன்னால் ஆறு செல்லையும் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது செவந்தியின் கண்டிப்பு. நான்தான் அவளுக்கு இதைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன். அவள் போனில் லைட் போட்டுப் பிடித்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். பச்சை. பச்சை. ஐந்தாவதில் மிதவை மற்றவற்றைவிடத் தாராளமாகவே மேலே நின்றது.

"இதுதான் இருக்கறதுலயே நல்லா இருக்கு சித்தப்பா," என்றாள்.

அவளை நான் ஏமாற்றவில்லை. மிதவையும் பொய் சொல்லவில்லை. திரவம் எவ்வளவு கனம் என்று கேட்டால் அது சொல்லும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அமிலம் கனமாகத்தான் இருந்தது. தகடு உயிரோடு இருக்கிறதா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்ததும் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

கரண்ட் நிறுத்திய அன்று காலையில் நான் பிரகதாம்பாள் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அக்காவுக்கு நான் ஒரு சேதி வைத்திருந்தேன். திருச்சியில் இருக்கிற அவருடைய தங்கச்சி மகன், வீட்டுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். தங்கச்சி இன்னமும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பெண் தேடி அலைகிறார். எனக்கு இது தெரிந்து பல நாளாகியிருந்தது. அதற்கு முன் எந்தச் சேதியையும் நான் ஒரு ராத்திரி தங்கவிட்டதில்லை. இதைப் பத்திரமாக வைத்திருந்தேன். எவ்வளவு சிரமப்பட்டேன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

நேராகச் சொல்லிவிடவில்லை. சுற்றி வளைத்துக்கொண்டு போனேன். தங்கச்சி சௌக்கியமா, பையனுக்கு ஏதாவது அமைந்ததா என்று ஆரம்பித்தேன். அக்கா முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்.

கரண்ட் இல்லாத காலையில் ஒரு தெரு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நீங்கள் கவனித்திருக்கிறீர்களா. மிக்ஸி இல்லை, டிவி இல்லை, மோட்டார் இல்லை. அந்த அமைதியில் இன்வெர்ட்டர் கத்தியது. நான் நினைத்ததைவிட முந்தியே கத்தியது. ஐந்தாவது செல் கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை.

"என்னமோ கத்துதே தம்பி. பழனியண்ணன் வீட்டுலயா?" அக்கா எழுந்தே விட்டார்.

"கரண்ட் போனா எல்லா வீட்டு இன்வெர்ட்டரும் அப்படித்தாங்க்கா கத்தும். முந்தாநேத்துதான பாத்தேன், பச்சையில நிக்குது. ஒக்காருங்க. நான் இன்னும் விசயத்துக்கே வரலையே."

"நீ பாத்தா சரிதான்," என்று உட்கார்ந்துவிட்டார்.

கத்தல் நின்றது. மிஷினின் ஓசை நின்றது. அதன்பிறகு வேறொரு சத்தம். அண்ணனால் கூப்பிட முடியாது, அந்த அளவுக்கு மூச்சு கிடையாது. கட்டிலின் இரும்புக் கம்பியில் எவர்சில்வர் டம்ளரால் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. அக்கா தலையைத் திருப்பினார். நான் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்பதை அந்த நிமிஷத்துக்கென்றே மிச்சம் வைத்திருந்தேன். அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததற்கும் சொன்னேன். கடைசியில் அவர் தங்கச்சிக்குப் போன் பண்ண எழுந்து உள்ளே போனார். கீரை அப்படியே கிடந்தது.

அக்கா இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் மேல் தப்பே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேசினால் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

பிறகு பேக்கரிக்குப் போனேன்.

"பழனிச்சாமி அண்ணன் போயிட்டாரு பாய்," என்றேன்.

பாய் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். எப்போது என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். ஒருவர் தலையிலிருந்த துண்டை எடுத்தார். அப்புறம் யாரோ மெதுவாக, "மாசிக்குள்ளன்னு அண்ணன் சொன்னது சரியாப் போச்சே" என்றார்கள். அந்த நேரத்தில் அதெல்லாம் என் காதில் விழவில்லை. வீரய்யாதான் சொன்னார். பட்டர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், டீ பாய்லரைப் பார்த்துச் சொன்னார். பாயும் தலையாட்டினார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். பாய் நல்ல மனிதர், ஆறுதல் சொல்ல வேண்டும் என்று செவந்திக்குப் போன் போட்டுவிட்டார். அவள் கடையிலிருந்து பிரகதாம்பாள் அக்காவுக்குப் போட்டிருக்கிறாள். அக்கா அப்போதுதான் தங்கச்சியோடு பேசி முடித்திருக்கிறார். என்னடி சொல்கிறாய், இரு பார்க்கிறேன் என்று போய், சாத்தியிருந்த கதவை அப்புறம்தான் திறந்திருக்கிறார். அவர் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே சேதி திருச்சிக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது.

செவந்தி வந்து இறங்கியபோது வீட்டு முன்னால் கூட்டம் இருந்தது. பந்தல் போட ஆள் சொல்லிவிட்டு, நான்தான் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போனாள். அழுகைச் சத்தம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து நேராக என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"ஊருல சொல்லிக்கிட்டாங்கம்மா."

"யாரு?"

ஒரு பெயர் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எனக்குத் தெரியாத பெயர் இல்லை. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தனக்கு நான் சொல்லித்தான் தெரியும் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கதவத் தெறக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாதே தம்பி," என்றார் பிரகதாம்பாள் அக்கா. அதிலும் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். செவந்தி என் பக்கத்திலேயே நின்றுகொண்டு உங்களுக்குப் போன் செய்தாள். என்றாவது ஒருநாள் அவளே யோசித்துப் பார்ப்பாள். இப்போது காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்க முடிகிறதே என்று அவளுக்குத் தோன்றும். நல்ல இடத்தில் கல்யாணம் ஆகும். அப்போது என்னை நினைத்துக்கொள்வாள்.

ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். அக்கா உள்ளே போனதற்கும் நான் பேக்கரிக்கு வந்ததற்கும் நடுவில் நேரம் அதிகமாக இருக்கிறது, அந்தத் தெருவிலிருந்து பேக்கரி கூப்பிடு தூரம்தான் என்கிறீர்கள். சரிதான். நான் நேராகப் போகவில்லை.

சேதியை உறுதி செய்யாமல் சொல்கிற வழக்கம் என்னிடம் இல்லை. சந்து வழியாகச் சுற்றிப் போய் ஜன்னலில் பார்த்தேன். அண்ணன் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகம் தெளிந்தது. பேட்டரிக்காரன் வந்துவிட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். டம்ளரைக் கட்டிலில் வைத்துவிட்டார், இனித் தட்ட வேண்டியதில்லை என்பதுபோல. கையைத் தூக்கிச் சிலிண்டரைக் காட்டினார். கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. சிலிண்டர் சாவி ஜன்னல் கட்டையிலேயே, என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. புரிந்தது என்று நானும் தலையாட்டினேன்.

உயிரோடு இருக்கிற மனிதரைப் போய்விட்டார் என்று ஊரில் சொல்கிறவன் நான் இல்லை, அய்யா. அதனால்தான் அங்கேயே நின்றேன்.